ஒற்றைத் துளைச் சோடியம்

பக்கத்து ஊர்ப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் அறிவியல் ஆசிரியை, "மூலக்கூறு மாதிரிப் பெட்டி வாங்கலாமா அக்கா?" என்று கேட்டிருந்தாள். அணுக்களுக்குத் துளையிட்ட வண்ணப் பந்துகளும், அவற்றுக்கு இடையிலான பிணைப்புகளுக்குக் குச்சிகளும் கொண்ட பெட்டி அது. நான்கு ஆண்டுகளாக ஒன்பதாம் வகுப்புக்கு வேதிப்பிணைப்பை அந்தப் பெட்டியை வைத்துத்தான் நடத்துகிறேன்.

கரும்பலகையில் மீத்தேனைக் கூட்டல் குறி போலத்தான் வரைய முடியும். பிணைப்புகளுக்கு இடையே உள்ள கோணம் 90 டிகிரி என்றே பிள்ளைகள் மனத்தில் பதிந்துவிடும். கார்பனுக்கான கருப்புப் பந்தில் ஹைட்ரஜனுக்கான நான்கு வெள்ளைப் பந்துகளைச் செருகி மேசையில் வைத்தால் முக்காலி போல் நிற்கும். எப்படிப் புரட்டி வைத்தாலும் அதே நிற்பு. அதன்பிறகு உண்மையான கோணமான 109.5 டிகிரியை யாரையும் மனப்பாடம் செய்யச் சொன்னதில்லை.

நான் எதிர்பாராத நன்மை வேறு. பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வெளிவரும் என்று நம்பும் பிள்ளைகள் ஏராளம். போன ஆண்டு ஒரு மாணவி, இறுகிப்போன குச்சியைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். டப்பென்று கழன்றது. சிவந்த விரலைத் தேய்த்தபடி, "உடைப்பதற்கு நாம்தானே டீச்சர் ஆற்றல் கொடுக்க வேண்டும்?" என்றாள். ஒரு மோல், அதாவது சுமார் 2 கிராம், ஹைட்ரஜனின் பிணைப்பை உடைக்க 436 கிலோஜூல் தேவை என்று அப்போதுதான் பலகையில் எழுதினேன். அந்த ஒரு நிமிடத்துக்காகவே பெட்டிக்குக் கொடுத்த பணம் தகும்.

ஆனால் அதே பெட்டியில் சோடியத்துக்கென்று ஒரு சாம்பல் நிறப் பந்து இருக்கிறது. அதில் ஒரே துளை. பச்சைக் குளோரினிலும் ஒரே துளை. பிள்ளைகள் என்ன செய்வார்கள்? இரண்டையும் குச்சியால் கோத்து, உப்பு மூலக்கூறு என்று நீட்டுகிறார்கள். உப்பில் அப்படி ஒரு ஜோடியே கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியையும், அதாவது மின்னூட்டம் பெற்ற சோடியம் அணுவையும், ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கின்றன. ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம். எது எதனுடைய துணை என்று பிரிக்க வழியில்லை. உப்புத் துகள்களை உருப்பெருக்கியில் காட்டுகிறேன். சின்னச் சின்னக் கனசதுரங்களைக் கண்டு வியக்கிறார்கள். விடைத்தாளில் மறுபடியும் அந்தக் குச்சி. கை ஒருமுறை பழகியதை வாயால் சொல்லி மாற்ற முடியவில்லை. நேற்றுத் திருத்திய தாள்களில் பாதிக்கு மேல் இதே பிழை.

அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பை மனத்தில் வைத்துச் செய்த பெட்டி என்பது புரிகிறது. அப்படியானால் சோடியத்தை எதற்காக உள்ளே போட்டார்கள்?

வாங்காதே என்றுதான் அவளுக்குப் பதில் அனுப்பினேன். மீத்தேனுக்குக் களிமண் உருண்டையும் ஈர்க்குச்சியும் போதும். உப்புக்குக் குச்சியே வேண்டாம். இரண்டு நிற உருண்டைகளை ஒன்றையொன்று தொடும்படி மாற்றி மாற்றி அடுக்கச் சொல் என்றேன். என் பெட்டியிலிருந்த சாம்பல் நிறப் பந்துகளை இன்று காலை எடுத்து என் மேசை இழுப்பறையில் பூட்டிவிட்டேன்.