ஊடகப் பாடம்: மொழி வகுப்பா, கணினி வகுப்பா, மனையியலா?

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஊடக எழுத்தறிவு, அதாவது செய்தியோ விளம்பரமோ வீடியோவோ அதை யார், எதற்காகச் சொல்கிறார்கள் என்று ஆராய்ந்து பார்க்கும் திறன், தேவை என்பதில் ஆசிரியர் அறையில் சண்டை வருவதில்லை. அதை எந்தப் பீரியடில் செருகுவது என்பதில்தான் வரும். தனிப் பாடமாக வைக்கக் கால அட்டவணையில் இடம் கிடையாது. கடைசியில் மொழி, கணினி, மனையியல் (சில இடங்களில் குடும்பவியல்) ஆகிய மூன்றில் ஒன்றின் தலையில் விழும். மூன்று ஆண்டு மொழி வகுப்பில் நடத்திவிட்டு, கடந்த இரண்டு ஆண்டாக மனையியலில் நடத்துகிறேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

ஒருநாள் பயிலரங்கை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. வெளியிலிருந்து ஒருவர் வருவார், படம் போட்டுக் காட்டுவார், சான்றிதழ் கொடுப்பார். அடுத்த வாரம் பிள்ளைகளுக்கு நினைவிருப்பது அவர் சொன்ன ஜோக் மட்டும்தான்.

மொழி வகுப்புக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1987-லேயே ஆங்கிலப் பாடத்துக்குள் ஊடகக் கல்வியைக் கட்டாயமாக்கியது. அதில் நியாயம் இருக்கிறது. 'தாக்கப்பட்டனர்' என்று தலைப்பு வந்தால், தாக்கியது யார் என்பதை அந்த வினைச்சொல் எப்படி ஒளித்துவைக்கிறது என்று காட்ட மொழி ஆசிரியரைவிடப் பொருத்தமானவர் இல்லை. என் மாணவர்களும் இதை அழகாகப் பிடித்தார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. 'விளம்பர உத்திகளை விளக்குக' என்ற கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கிய மாணவி, அன்றைக்கே இடைவேளையில் வந்து, ஒரே மாதத்தில் எடை குறைக்கும் என்று ரீல்ஸில் சொன்ன பொடியை வாங்கலாமா என்று என்னிடம் கேட்டாள். அவள் எழுதிய விடையும் அந்தப் பொடியும் அவள் மனதில் சந்திக்கவே இல்லை.

கணினி வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கருவி இருக்கிறது, இணையம் இருக்கிறது, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் என்னை முடிவெடுக்க வைத்த காரணமும் அங்கிருந்துதான் வந்தது: பாடத்தின் பராமரிப்பு.

ஒரு பாடத்தை முதல்முறை தயாரிப்பது பெரிய வேலை இல்லை. நான்காம் ஆண்டும் அது செல்லுபடியாக வேண்டும், அதுதான் பாடு. கணினி வகுப்புக்காக எழுதிவைத்த குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருந்தால் நம்பலாம் என்று இருக்கும். அந்தப் பூட்டு, இணைப்பு மறைகுறியாக்கப்பட்டது, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாது என்று மட்டும்தான் சொல்லும். மோசடித் தளத்துக்கும் அது கிடைக்கும். குரோம் உலாவி 2023-ல் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது. டாட் ஓஆர்ஜி என்று முடிந்தால் தொண்டு நிறுவனம் என்று அடுத்த வரி. அந்த முகவரியை யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். ஏஐ படமா என்று கண்டுபிடிக்க விரல்களை எண்ணு என்பது அதற்கும் அடுத்தது. படம் வரையும் மென்பொருள்கள் ஐந்து விரல் போடக் கற்றுக்கொண்டதும் அந்தக் குறிப்பும் காலாவதி. இதில் பெரிய ஆபத்து, பழைய குறிப்பு சும்மா கிடக்காது. பிள்ளைக்குப் பொய்யான தைரியத்தைக் கொடுக்கும். இதை ஆண்டுதோறும் உட்கார்ந்து திருத்துவது யார்? திருத்தும் ஆசிரியர் மாற்றலாகிப் போனால்?

மனையியலில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே பாடம் செயலியைச் சுற்றி நடப்பதில்லை. வாங்குவது, சாப்பிடுவது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது, கடன் எடுப்பது என்று வீட்டில் எடுக்கும் முடிவுகளைச் சுற்றி நடக்கிறது. விளம்பரம் பத்திரிகையிலிருந்து தொலைக்காட்சிக்கும், அங்கிருந்து ரீல்ஸுக்கும் இடம் மாறியது. முடிவுகள் மாறவில்லை. உதாரணங்களை நான் தேடி அலைவதும் இல்லை. பிள்ளைகளே வீட்டிலிருந்து கொண்டுவருகிறார்கள்.

சென்ற ஆண்டு ஒருவன் காலை உணவு சீரியல் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். முன்பக்கத்தில் 'முழுத்தானியம்' என்று கொட்டை எழுத்து. பின்பக்கப் பட்டியலிலும் முதலில் தானியம்தான். எடை அதிகமுள்ள பொருளை முதலில் போட வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளில் விதி. ஆகவே சர்க்கரை குறைவு என்று வகுப்பு முடிவுகட்டியது. அப்புறம் ஒரு பெண் சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், மால்ட் சாறு என்று தனித்தனியாக அடிக்கோடிட்டாள். மூன்றும் இனிப்புதான். பிரித்துப் போட்டதால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிட்டது. அச்சிட்டதில் ஒரு சொல்லும் பொய் இல்லை, ஆனாலும் வகுப்பே ஏமாந்தது. மொழி வகுப்பில் மூன்று ஆண்டு தலைப்புச் செய்திகளை வைத்து நான் சொல்ல முயன்றது இதைத்தான்.

குழந்தை வளர்ப்புப் பகுதியில் இன்னொன்று. கைக்குழந்தையின் இருமலுக்குத் தேன் கொடுக்கச் சொல்லும் வீடியோ. பேசுகிறவர் முகம் நல்லவராகத் தெரிகிறதா என்று பார்க்காதே, வீடியோவை நிறுத்திவிட்டு வெளியே போய் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடு என்றேன். சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிட்டார்கள்: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது, பாட்டுலிசம் என்ற நச்சுநோய் வரலாம். இந்த வழிமுறை என் கண்டுபிடிப்பு அல்ல. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வரலாற்றாய்வாளர்கள் 10 பேர், தகவல் சரிபார்ப்போர் 10 பேர், மாணவர்கள் 25 பேர் ஆகியோர் இணையதளங்களை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். சரிபார்ப்போர் ஒரு தளத்தில் உட்கார்ந்து ஆராயாமல் உடனே உலாவியில் வேறு தாவல்களை (டேப்) திறந்தார்கள். விரைவாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தார்கள். படித்த வரலாற்றாய்வாளர்களே பலர் பக்கத்தின் அழகில் ஏமாந்தார்கள். அதே பல்கலைக்கழகக் குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வில், நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், விளம்பரதாரர் உள்ளடக்கம் என்று குறிப்பிட்டிருந்த விளம்பரத்தையே செய்தி என்று நம்பினார்கள். விற்கிறவனை அடையாளம் காண்பதில்தான் பிள்ளைகள் முதலில் தடுக்குகிறார்கள். விற்பவனைப் பற்றிப் பேச மனையியலைவிட வசதியான வகுப்பு எது?

குறைகளும் உண்டு. வீட்டு விஷயம் வகுப்புக்கு வந்தால் வீட்டு மானமும் கூடவே வரும். முதல் ஆண்டில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த வதந்தியைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு மாணவன் பெரியப்பா அனுப்பியதைக் காட்ட, வகுப்பே சிரித்தது. அவன் அந்தப் பருவம் முழுக்க எதையும் கொண்டுவரவில்லை. தப்பு என்னுடையது. இப்போது அனுப்பியவர் பெயர் தெரியாமல் எழுதிக் கொடுத்தால் போதும்.

மனையியல் பல பள்ளிகளில் விருப்பப் பாடம், எடுப்பவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம். ஆண் பிள்ளைகளை அப்படியே விட்டுவிடுவதா என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. பின்லாந்தில் 7-ஆம் வகுப்பில் எல்லாருக்கும் அது கட்டாயம். ஊடக எழுத்தறிவை எல்லாப் பாடங்களிலும் கலந்திருக்கிறார்கள். அங்கே ஆசிரியர்களுக்கு அதற்கான பயிற்சி இருக்கிறது. அது இல்லாத பள்ளியில், எல்லாருடைய வேலை என்றால் யாரும் தொடமாட்டார்கள்.

அரசியல் செய்தி, கலவர வதந்தி, போர்க்காட்சி என்று வரும்போது மனையியல் வகுப்பில் எனக்குக் கை கட்டிப்போன மாதிரி இருக்கிறது. வலிந்து இழுத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. என் அனுபவமும் அதில் இரண்டு மூன்று பீரியட்தான். ஆகவே வரும் ஆண்டில் செய்தி சம்பந்தப்பட்ட நான்கு பீரியடை மொழி ஆசிரியரிடமே திருப்பிக் கொடுக்கிறேன். அந்தச் சீரியல் பெட்டியை மட்டும் அவர் கேட்டார், கொடுக்கவில்லை.