பூதக்கண்ணாடியோடு வரும் ஆக்ஸ்ஃபர்டு அகராதி: வாங்கலாமா?

ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வந்தது. அத்தனையையும் ஒரே புத்தகத்துக்குள் அடக்கி 1991இல் 'காம்பாக்ட்' பதிப்பைப் போட்டார்கள். மூலத்தின் ஒன்பது பக்கங்களை அப்படியே சுருக்கி ஒரு பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள். வெறும் கண்ணால் படிக்க முடியாது என்று அவர்களுக்கே தெரியும், அதனால் கூடவே ஒரு பூதக்கண்ணாடியும் கொடுத்தார்கள்.

என்னுடையது சிங்கப்பூர் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கியது. கடைக்காரர் 120 வெள்ளி சொன்னார். "பெட்டி எங்கே அங்கிள்?" என்று கேட்டதும் 90க்கு இறங்கினார். கண்ணாடியில் ஒரு கீறல் உண்டு, அதற்கு அவர் இறங்கவில்லை.

மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் நண்பர்கள், போனில் தட்டினால் வந்துவிடுமே, இது எதற்கு என்கிறார்கள். வரும்தான். நான் எந்த அகராதியையும் 'செட்' என்ற சொல்லை வைத்துத்தான் சோதிப்பேன். போன் முதல் நாலைந்து பொருளைக் காட்டிவிட்டு நின்றுகொள்ளும், மீதியை நாம்தான் தேடிப் போக வேண்டும்.

இந்த ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை செட் காதில் விழுகிறது பாருங்கள். காப்பிக்கடையில் கயா டோஸ்ட் செட்: ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை, கோப்பி. சிராங்கூன் ரோடு நகைக்கடையில் கழுத்துக்கும் காதுக்கும் பொருத்தமாக எடுத்துக் காட்டுவது செட். தேசிய சேவையில் பையன்கள் முதுகில் சுமப்பது சிக்னல் செட். தேக்காவில் செட் தோசை. வரன் பார்க்கும் வீட்டில் "இந்த இடம் நமக்குச் செட்டாகாது." காப்பிக்கடை மேசையில் வயதான அண்ணன் ஒருவர் இன்னொருவரைக் காட்டி, "இவரு எங்க செட்டு" என்பார்.

அகராதியைப் பிரித்தால், ஒரே எழுத்துக்கூட்டலுக்குள் வேறு வேறு பிறப்புகள் இருப்பது தெரிகிறது. வினைச்சொல் பழைய ஆங்கில 'செட்டன்' வழி வந்தது. உட்கார்வது 'சிட்', உட்கார வைப்பது 'செட்'. நாம் பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அமர், அமர்த்து, அதே உறவுதான். அங்கிருந்து கிளை பிரிகிறது. தட்டை மேசையில் வைப்பது, மோதிரத்தில் கல் பதிப்பது, முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவது, அச்சுக் கோர்ப்பது, கடிகாரத்தைத் திருத்தி வைப்பது எல்லாம் இதில் வரும். செய்பவரே இல்லாமல் தானாக நடப்பதற்கும் இதே சொல்தான்: சிமெண்ட் இறுகுவது, ஜெல்லி உறைவது, சூரியன் அடைவது.

கூட்டத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்லின் கதை வேறு. அது பழைய பிரெஞ்சு வழியாக லத்தீன் 'செக்டா'விலிருந்து வந்தது. ஒருவரைப் பின்பற்றுகிறவர்கள் என்று பொருள். மதப்பிரிவைச் சொல்லும் 'செக்ட்' இதன் உடன்பிறப்பு. முதலில் மனிதர் கூட்டத்துக்கு இருந்த பெயர், பின்னால் வினைச்சொல்லின் செல்வாக்கும் சேர்ந்து, ஒன்றாக வைத்த பொருள்களுக்கும் வந்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் கயா டோஸ்ட் செட்டைவிட அந்த அண்ணனின் "எங்க செட்டு"தான் மூலத்துக்கு நெருக்கம். அவரிடம் சொன்னேன், "அப்ப கோப்பிய நீ வாங்கு" என்றார்.

இந்த ஒரு சொல்லுக்கு இரண்டாம் பதிப்பில் சுமார் 60,000 சொற்களில் விளக்கம் இருக்கிறது. வினையாக மட்டும் 430 பொருள். அதன் பெரும்பகுதிக்கு அடித்தளம் 1928இல் முடிந்த முதல் பதிப்பு. அதில் எஸ் எழுத்தின் இந்தப் பகுதி ஹென்றி பிராட்லியின் பொறுப்பு. தலைமை ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே வேலை முடிவதைப் பார்க்காமலே 1915இல் இறந்துபோனார்.

எனக்கு இதில் பிடித்தது மேற்கோள்கள்தான். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஆண்டு போட்டு வரிசையாக வாக்கியங்கள் இருக்கும், ஒரு பொருள் எப்போது வந்தது, எப்போது வழக்கொழிந்தது என்று கண்ணால் பார்க்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனிலும் இலக்கிய மேற்கோள் உண்டு. இப்படி ஆண்டு வரிசை நமக்கு எப்போது கிடைக்குமோ.

வேலைக்கு எப்படி உதவுகிறது என்றால், 'செட் அசைட்' ஓர் உதாரணம். பணத்தை 'செட் அசைட்' செய்தால் ஒதுக்கிப் பத்திரப்படுத்துவது. நீதிமன்றம் ஒரு தீர்ப்பை 'செட் அசைட்' செய்தால் அது ரத்து. இரண்டுக்கும் 'ஒதுக்கி வைத்தல்' என்று போட்ட துண்டறிக்கையை நான் பார்த்திருக்கிறேன். தீர்ப்பை ஒதுக்கி வைத்தார்கள் என்று படிப்பவர், தீர்ப்பு பிறகு வரும் என்றுதான் நினைப்பார். இங்கே இரண்டு பொருளும் ஒரே பத்தியில் கண்ணில் படுவதால் கை தானாக நிற்கிறது.

நம் சொற்களைத் தேடுவது தனிச் சுகம். 'கேஷ்' என்று பார்த்தால் இரண்டு பதிவுகள். நாம் பர்ஸில் வைக்கும் கேஷ், லத்தீன் 'காப்சா', அதாவது பெட்டி, அந்த வழி வந்தது. சீனாவின் ஓட்டை போட்ட செப்பு நாணயத்துக்கு ஆங்கிலேயர் வைத்த கேஷ், போர்த்துகீசியர் வழியாகப் போன நம் காசு.

சரி, குறைகள். முதல் குறை கனம். ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்குவதுபோல் எம்ஆர்டி ரயிலில் தூக்கி வந்தேன். தாள் மெல்லியது, நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கும். அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்திருக்கிறேன். இரவில் அரை மணி நேரத்துக்கு மேல் படித்தால் கண் வலிக்கிறது.

அப்புறம், இது பழசு. 'ஷியோக்', 'லெபாக்', 'தே தாரிக்', 'சில்லி க்ராப்' போன்ற நம் ஊர்ச் சொற்கள் எல்லாம் ஆக்ஸ்ஃபர்டு அகராதிக்குள் வந்தது 2016இல். இதில் தேடினால் கிடைக்காது. அதிகப் பொருள் கொண்ட சொல் என்ற செட்டின் பட்டமும் போய்விட்டது: இணையப் பதிப்பைத் திருத்தி வருகிறவர்கள் 'ரன்' என்ற வினைக்கு மட்டும் 645 பொருள் கண்டிருக்கிறார்கள். சொல்லின் பிறப்பைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறீர்கள் என்றால் இணையப் பதிப்புக்குச் சந்தா கட்டுங்கள், இதை நம்பி எழுதாதீர்கள்.

பிள்ளைகளின் ஆங்கிலத் தேர்வுக்காக வாங்க நினைப்பவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். அவர்கள் தொடக்கூட மாட்டார்கள். மொழிபெயர்ப்பு, மெய்ப்புப் பார்ப்பது, வசனம் எழுதுவது என்று பிழைப்பு நடத்துபவர்களுக்கு 100 வெள்ளிக்குள் கிடைத்தால் லாபம், 150 என்றால் பேரம் பேசுங்கள். கூட வரும் கண்ணாடியை நம்பாமல் விளக்கு வைத்த ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். காசைக் கொடுக்கும் முன் கடையிலேயே நடுப்பக்கங்களைப் புரட்டி, தையல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கனத்துக்கு முதலில் விடுவது முதுகுதான்.