ரூ.27,500 கொடுத்தோம், கிழிந்த டிரம் வந்தது: வெளியூர் மேடைக்கு இசைக்கருவி வாடகைக்கு எடுப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் பறிகொடுத்தோம். இன்று செவ்வாய்க்கிழமை இரவு. இந்த இரண்டு நாளில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

நாங்கள் ஏழு பேர் கொண்ட சென்னை இசைக்குழு. இரண்டு பறை, கீபோர்டு, பேஸ் கிட்டார், டிரம்ஸ், இரண்டு குரல்கள். எல்லோரும் பால்புதுமையினர், அதாவது தன்பால் ஈர்ப்பு உள்ளவர்களும் திருநர்களும் அடங்கிய குவியர் சமூகத்தினர். பெங்களூரில் 2008இல் தொடங்கி இப்போது ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கும், எங்கள் சமூகத்தின் ப்ரைட் விழாவில் இந்த முறை எங்களுக்கு மேடை கிடைத்தது. மாலை 6.10 மணி, இருபத்தைந்து நிமிடம், நான்கு பாடல்கள். மூன்று மாதம் ஒத்திகை பார்த்தோம். மேடையும் ஒலிபெருக்கியும் விழாக் குழுவின் பொறுப்பு, கருவிகளை அவரவரே கொண்டுவர வேண்டும். இது எங்கும் உள்ள வழக்கம்தான், அவர்கள்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. பறையையும் கிட்டாரையும் துணியில் சுற்றிப் பெங்களூர் மெயிலில் கொண்டுபோய்விடலாம். ஒரு முழு டிரம்ஸ் செட்டையும் பேஸ் ஆம்ப்ளிஃபயரையும் இரண்டாம் வகுப்புப் படுக்கை வசதிப் பெட்டியில் எங்கே வைப்பது? அதனால் பெங்களூரிலேயே வாடகைக்கு எடுக்க முடிவுசெய்தோம். இசைக்கருவிகளையும் ஒலி சாதனங்களையும் வாடகைக்கு விடும் கடைகளை ஒன்றுசேர்த்துக் காட்டும் இணையதளம் ஒன்றில் தேடினேன். நல்ல மதிப்பெண்களோடு ஒரு கடை முதலில் வந்தது. பதிவுத் தொகை ரூ.2,500 கட்டினேன்.

அன்று மாலையே கடையிலிருந்து ஒருவர் அழைத்தார். சுத்தமான தமிழ். "அக்கா, என்ன நிகழ்ச்சி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்கு என்ன செய்யும் என்று சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். 2009 ஜூன் 28 அன்று மெரினாவில் சென்னையின் முதல் வானவில் பேரணி நடந்தபோது நான் முகமூடி போட்டுக்கொண்டு நடந்தவள். அப்போது தன்பால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு எங்கள் தலைக்கு மேல் இருந்தது. நான்கே நாளில் டெல்லி உயர் நீதிமன்றம் எங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைப் பறித்தது, 2018 செப்டம்பர் 6 அன்று அதே உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. இந்த ஆண்டுகள் முழுவதும் கூட்டத்துக்கு மைக் செட் எடுக்கப் போனதும் நான்தான். "என்ன நிகழ்ச்சி?" என்று கேட்பார்கள். சொல்வேன். உடனே மைக் இருக்காது, ஆள் ஊருக்குப் போயிருப்பார், வண்டி பழுதாகியிருக்கும். ஒரு கடையில் எழுதிக் கொடுத்த ரசீதையே கையிலிருந்து பிடுங்கிக் கிழித்தார்கள். பிறகு "கல்லூரி விழா" என்று பொய் சொல்லிப் பழகிக்கொண்டேன்.

இந்த முறை பொய் சொல்லவில்லை. ப்ரைட் என்றேன். மறுமுனையில் ஒரு கணம் அமைதி. பிறகு அந்த ஆள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அக்கா, என் தங்கை பிள்ளையும் உங்களைப் போலத்தான். வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் கவலைப்படாதீர்கள், இது என் வீட்டு விசேஷம் மாதிரி."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை மறைப்பதில் பயனில்லை. அந்தப் பிள்ளைக்கு என்ன வயது, படிக்கிறதா என்று நானே விசாரித்தேன். விழாவுக்கு அழைத்து வாருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். அந்தப் பேச்சின் நடுவில்தான் அவர் பணத்துக்கு வந்தார். தளத்தின் வழியாக மீதியைக் கட்டினால் தரகும் வரியும் சேர்ந்து வாடகை ரூ.22,000 ஆகிவிடுமாம். நேரடியாகக் கொடுத்தால் பதிவுத் தொகையும் சேர்த்து ரூ.17,500 போதுமாம். அதோடு திருப்பித் தரும் வைப்புத்தொகை ரூ.10,000. "உங்களிடம் லாபம் பார்க்க மனம் வரவில்லை அக்கா." ஒரு கைப்பேசி எண் கொடுத்தார். அன்றிரவே யு.பி.ஐ. வழியாக ரூ.25,000 அனுப்பினேன். ஆகமொத்தம் ரூ.27,500.

அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது தெரியுமா? ஏழு பேரும் ஆளுக்கு ரூ.2,000 போட்டோம். மீதி ரூ.13,500 தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்கியது. வியாசர்பாடியில் ஒரு திருநங்கை அம்மா கடை கேட்டு, அதாவது கடை கடையாகப் போய்க் கேட்டு வாங்கிச் சேர்த்த காசிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்து, பத்தும் இருபதுமாக எண்ணி என் கையில் வைத்தார். "போய் நன்றாக வாசித்துவிட்டு வாருங்கள் மகளே" என்றார்.

ஞாயிறு விடிவதற்கு முன்பே பெங்களூர் மெஜஸ்டிக் ரயில் நிலையத்தில் இறங்கிவிட்டோம். நல்ல குளிர். ஓர் அறை எடுத்துக் குளித்து, தட்டு இட்லி சாப்பிட்டு, பதினொரு மணிக்கெல்லாம் மேடைக்குப் போய்விட்டோம். கருவிகள் பன்னிரண்டு மணிக்கு வரவேண்டும், ஒரு மணிக்கு ஒலிச் சோதனை. பன்னிரண்டானது. "வண்டி கிளம்பிவிட்டது அக்கா." ஒரு மணி. "சிக்னலில் நிற்கிறது அக்கா." ஒலிச் சோதனைக்கான எங்கள் முறை கடந்துபோனது. அதற்குள் பேரணி தொடங்கும் நேரமாகிவிட்டதால் டிரம்ஸ் வாசிக்கும் தம்பியையும் இன்னொருவரையும் மேடையருகே நிறுத்திவிட்டு நாங்கள் ஐந்து பேர் போனோம்.

2.40க்கு என் கைப்பேசி அடித்தது. சுற்றிலும் மேளம், விசில், ஆயிரம் குரல்கள். சரக்கு ஆட்டோ ஓட்டுநர் கன்னடத்தில் ஏதோ சொன்னார், "ஓ.டி.பி., ஓ.டி.பி." என்பது மட்டும் புரிந்தது. வண்டி வந்துவிட்டதே என்ற நிம்மதியில் ஆறு எண்களையும் வாசித்துக் காட்டினேன். கூலி ரூ.900 தனியாகக் கேட்டிருக்கிறார், தம்பி கொடுத்திருக்கிறான். ஓட்டுநர் பாவம், மூட்டையை ஏற்றி இறக்குவது மட்டுமே அவர் வேலை. அந்த 900ஐ நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆட்டோ போன பிறகு தம்பி பைகளைத் திறந்திருக்கிறான். பேஸ் டிரம்மின் முன்தோல் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. ஸ்னேர் என்கிற சின்ன டிரம் இருந்தது, அதை வைக்கும் ஸ்டாண்டு இல்லை. காலால் அடிக்கும் பெடல் இல்லவே இல்லை. ஒரே ஒரு சிம்பல், அதுவும் ஓரத்தில் விரிசல். கீபோர்டு வந்திருந்தது, அதற்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டர் வரவில்லை. பேஸ் ஆம்ப்ளிஃபயர் வரவே இல்லை.

நான் பேரணியிலிருந்து ஓடிவந்தேன். கடைக்குப் பதினேழு முறை அழைத்தேன். முதல் அழைப்பில் "பத்து நிமிடத்தில் மீதி வந்துவிடும்" என்றார். அடுத்ததில் "இன்று ஞாயிற்றுக்கிழமை, கிடங்கில் ஆள் இல்லை." மூன்றாவதில் "கொஞ்சம் சமாளித்துக்கொள்ளுங்கள் அக்கா." சமாளிப்பதாம்! அதற்குப் பிறகு மணி அடித்துக்கொண்டே இருந்தது, ஐந்து மணிக்கு அணைத்தே விட்டார்கள்.

அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இருபத்து மூன்று வயது, திருநம்பி; பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு, ஆணாக வாழ்பவன். தானே தேர்ந்தெடுத்த பெயரை ஒலிபெருக்கியில் அறிவித்து அவன் ஏறவேண்டிய முதல் மேடை இது. அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்கவேண்டும் என்று காலையிலேயே தொகுப்பாளரிடம் இரண்டு முறை சொல்லி வைத்திருந்தான். மேடைக்குப் பின்னால் குச்சிகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழவில்லை. "அக்கா, என்னை விட்டுவிட்டு நீங்கள் வாசியுங்கள்" என்றான். அந்தக் கடைக்காரர் எங்களிடம் எடுத்துக்கொண்டதில் எனக்கு இதுதான் மிகவும் வலிக்கிறது.

விழாத் தன்னார்வலர் ஒருவர் எங்கிருந்தோ உட்கார்ந்து தட்டும் மரப்பெட்டி ஒன்றை வாங்கிவந்தார். குளிரில் பறைத் தோல் தளர்ந்திருந்தது. தெருமுனைத் தேநீர்க் கடைப் பெரியவர் நாங்கள் கேட்பதற்குள் அடுப்புப் பக்கம் இடம் விட்டு, காய்ச்சிக்கொள்ளச் சொன்னார். காசு வாங்கவில்லை, என்ன நிகழ்ச்சி என்றும் கேட்கவில்லை. நான்கு பாடல்களில் இரண்டை வாசித்தோம். தம்பி பெட்டியைத் தட்டினான், பெயரையும் சரியாகவே அறிவித்தார்கள். கூட்டம் ஆடியது. ஆனால் டிரம்ஸை நம்பியே அமைத்த மற்ற இரண்டு பாடல்களும் எங்களோடு அப்படியே ஊர் திரும்பின.

மோசடி இத்தோடு முடியவில்லை. இரவு 9.20க்கு அந்தக் கடையிலிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்தது: "டிரம் தோல் சேதம். வைப்புத்தொகை ரூ.10,000 பிடித்தம் செய்யப்படுகிறது." கூடவே கிழிசலின் புகைப்படம். அந்த நேரத்தில் டிரம் எங்கே இருந்தது? மேடைக்குப் பின்னால், என் காலடியில்! மறுநாள் காலையில்தான் எடுத்துப்போக வருவதாக இருந்தது. புகைப்படத்திலோ கடையின் வெள்ளை டைல்ஸ் தரை தெரிகிறது. கிழிந்த டிரம்மை முன்பே படம் எடுத்து வைத்துக்கொண்டுதான் எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதே கிழிசலைக் காட்டி எத்தனை பேரின் வைப்புத்தொகையை விழுங்கினார்களோ. இதைக் கேட்டு எழுதினேன். பதிலாகக் கைகூப்பும் பொம்மை ஒன்று வந்தது.

திங்கட்கிழமை அந்த எண்ணில் வேறொரு குரல். "அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டானே, நீங்கள் அவனிடம்தான் கேட்கவேண்டும்." பணம் போனது உங்கள் எண்ணுக்குத்தானே என்றேன். "அப்படியா, முதலாளி வரட்டும்." முதலாளி இன்றுவரை வரவில்லை. தங்கை பிள்ளை உண்மையிலேயே இருக்கிறதா என்றும் கேட்டேன். அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

இணையதளத்தின் வாடிக்கையாளர் சேவையோ "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று மூன்று முறை வருந்தியது. பிறகு, ரூ.25,000 தளத்துக்கு வெளியே கொடுக்கப்பட்டதால் பொறுப்பில்லை என்றது. சரி, உங்களிடமே கட்டிய ரூ.2,500? ஓ.டி.பி. கொடுக்கப்பட்டதால் பொருள் முழுமையாக ஒப்படைக்கப்பட்டதாகவே பொருளாம். நாற்பது நிமிடத்தில் புகாரை முடித்துவைத்து, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று என்னையே கேட்டது.

ரயிலுக்கு முன் காவல் நிலையம் ஒன்றுக்கும் போனோம். நீங்களாகத்தானே பணம் அனுப்பினீர்கள், பொருளும் வந்திருக்கிறது, இது சிவில் விவகாரம் என்றார்கள். என்ன நிகழ்ச்சி என்றும் கேட்டார்கள். சொன்னதும் எங்களை மேலும் கீழும் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். 1930 இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் பதிவாகியிருக்கிறது, வங்கிக்கும் எழுதிவிட்டேன். இரண்டிலும் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, முடிந்ததைச் சொல்கிறேன். தளத்தில் பதிவுசெய்தால் கடைசி ரூபாய்வரை தளத்திலேயே கட்டுங்கள், எவ்வளவு குறைத்தாலும் வெளியே அனுப்பாதீர்கள். பையைத் திறந்து, ஒவ்வொன்றையும் எண்ணி, காணொளி எடுத்த பிறகே ஓ.டி.பி. சொல்லுங்கள். பெடல், ஸ்டாண்டு, அடாப்டர்வரை பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். அந்த ஊரிலேயே இருக்கும் இசைக்குழுக்களிடம் விசாரியுங்கள், நான் விசாரிக்கவில்லை. ஏமாந்துவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். இணைய வணிகத் தளங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும் என்று 2020 விதிகள் சொல்கின்றன. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், பெங்களூருக்கு அலையவேண்டாம். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது.

நான் அந்த மனுவைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கிழிந்த டிரம்மின் படத்தையும், 9.20க்கு அது எங்கள் கையில் இருந்ததைக் காட்டும் எங்கள் படத்தையும் இணைக்கிறேன். வியாசர்பாடி அம்மா இன்று காலை அழைத்திருந்தார், நான் எடுக்கவில்லை. வெள்ளை டைல்ஸ் தரையில், ஒரு சாண் கிழிசலோடு இருக்கும் அந்த டிரம் படம் உங்களில் யாருக்காவது வந்திருந்தால், என் தங்கை பிள்ளை என்று யாராவது உங்களிடமும் சொல்லியிருந்தால், தேதியோடு கீழே எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடாதீர்கள். எங்களிடமிருந்து போனது ரூ.27,500. உங்களிடமிருந்து எவ்வளவு போனது என்பதும் அந்த மனுவில் இருக்கவேண்டும்.