பி0135 காட்டுனா உடனே சென்சாரை மாத்தாதீங்க: ரூ.11,400 போச்சு

பேரு வேண்டாம். கோவைல ஏசி வெயிட்டிங் ரூம், பெரிய போர்டு, எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கிற மாதிரி ஒர்க்‌ஷாப். எங்க மாமாகிட்ட ரூ.11,400 உருவிட்டாங்க. கோளாறு அப்படியேதான் இருந்துச்சு.

பெட்ரோல் கார், நாலு சிலிண்டர். செக் என்ஜின் லைட் எரிஞ்சதுன்னு போயிருக்காரு. கவுன்ட்டர்ல இருந்த பையன் "ஏனுங்ண்ணா, கோபி பக்கமுங்களா? நமக்கும் அங்கதானுங்க"ன்னு ஆரம்பிச்சிருக்கான். அப்புறம் பி0135ன்னு கோளாறு கோடு (code) காட்டுற ஸ்கேனர் ஸ்கிரீனை அவரு பக்கம் திருப்பி, "நான் பொய் சொல்லுவேனுங்க, மிஷின் சொல்லுமுங்களா?" அதுல விழுந்துட்டாரு மனுசன்.

மிஷின் பொய் சொல்லலைதான். பி0135ன்னா முதல் ஆக்சிஜன் சென்சாரோட (புகையில ஆக்சிஜன் எவ்வளவுன்னு பார்க்கிறது) ஹீட்டர் சர்க்யூட்ல கோளாறு. சர்க்யூட்டுங்க! சென்சாருக்குள்ள இருக்கிற ஹீட்டர், அதுக்கு வர்ற ஃபியூஸ், ரிலே, ஒயரு, கப்ளர் (ஒயரைச் சொருகுற கனெக்டர்), ஈசியூ (என்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்) வரைக்கும் அதுல சேர்த்தி. பல்பு எரியலைன்னா சுவிட்சு ஒயரைப் பார்க்காம பல்பையே மாத்திட்டிருப்பாங்களா? இவனுங்க மல்டிமீட்டரைக் கையிலயே எடுக்காம சென்சாரை மாத்தி ரூ.6,200 வாங்கிட்டானுங்க.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. கோடை அழிச்சா லைட் அணைஞ்சுடும். பல வண்டிகள்ல ஒரே கோளாறு அடுத்தடுத்து ரெண்டு ஓட்டத்துல பதிவானாத்தான் லைட் திரும்ப எரியும். அதனால டெலிவரி எடுக்கும்போது டேஷ்போர்டு பளிச்சுன்னு இருக்கும். அதுபோக அந்த சென்சார் கிட்டத்தட்ட 300 டிகிரி சூடேறினாத்தான் வேலை செய்யும். அவினாசி ரோட்டுல விட்டு ஓட்டினா புகையோட சூடே போதும், ஹீட்டர் செத்தது தெரியாது. காந்திபுரம் சிக்னல்ல நின்னு நின்னு போனா சென்சார் ஆறிடும், ஈசியூ அதை நம்பாம பெட்ரோலைக் கூடுதலா ஊத்தும், மைலேஜ் விழும்.

லைட் திரும்ப வந்துச்சு. "ரெண்டாவது சென்சாரும் போயிடுச்சுங்ண்ணா"ன்னு புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பின்னாடி இருக்கிறதையும் மாத்தி ரூ.5,200. அந்த சென்சாரோட ஹீட்டர் போனா வர்ற கோடு பி0141. வண்டியில இருந்ததோ அதே பி0135! இது தெரியாம செஞ்சதுன்னு நான் நம்பலை. ஆகமொத்தம் ரூ.11,400.

மறுபடியும் லைட். போன் பண்ணினா "பெட்ரோல் சரியில்லைங்க, வேற பங்க்ல அடிச்சுப் பாருங்க." பெட்ரோல் எங்கய்யா ஹீட்டர் ஒயரை அறுக்கும்? அப்புறம் "ஓனரு திருப்பூர் போயிருக்காருங்க." அப்புறம் "எலெக்ட்ரிக்கல் ஐட்டத்துக்கு வாரண்டி இல்லைங்களே." கழட்டுன பழைய சென்சாரைக் கேட்டா ஸ்கிராப்புக்குப் போயிடுச்சாம். கடைசியா, "ஈசியூ போயிருக்குமுங்க, 30,000 ஆகும்."

வண்டியை வாங்கி நான் பார்த்தேன். என்ஜின் ஆறினப்புறம் முதல் சென்சார் கப்ளரைக் கழட்டி, ஒரே கலர்ல இருக்கிற ரெண்டு ஒயருக்கு நடுவுல ஓம்ஸ் வெச்சா 7. பெரும்பாலும் 3லிருந்து 15க்குள்ள இருந்தா ஹீட்டர் நல்லா இருக்குன்னு அர்த்தம். வண்டியை ஸ்டார்ட் பண்ணி, கப்ளரோட வண்டிப் பக்கத்துல வோல்ட் பார்த்தா சைபர். 12க்கு மேல வரணும். ஃபியூஸ் நல்லா இருந்துச்சு. ஒயரைப் பிடிச்சுட்டே போனா, கிளிப் உடைஞ்சு ஒயரு, சூடான புகை வெளியேறுற மானிஃபோல்டு மேல சாஞ்சு கருகி அறுந்து கிடக்குது. துண்டு ஒயரு, கிரிம்ப் ஜாயின்ட், ஹீட் ஸ்லீவ், கிளிப். 200 ரூபாய்கூட ஆகலை. ரூ.11,400 எங்க, இது எங்க!

என்ன பார்க்கணும்னு முழுசா எழுதலாம்னு உட்கார்ந்தேன், கோவத்துல வரமாட்டேங்குது. இதை மட்டும் பிடிச்சுக்குங்க. கோடை அழிக்கிறதுக்கு முன்னாடி ஸ்கிரீனைப் போட்டோ எடுங்க. கழட்டுன சாமானைக் கையில வாங்காம பணம் குடுக்காதீங்க. சென்சாரோட சொந்த ஒயரை வெட்டி ஈயம் பத்த வைக்க விடாதீங்க. பல சென்சாருக்கு அந்த ஒயரு வழியாத்தான் வெளிக்காத்து உள்ள போகுது. பி0171 (காத்து அதிகம், பெட்ரோல் கம்மின்னு சொல்ற கோடு) வந்தா, சென்சாரை மாத்துறதுக்கு முன்னாடி என்ஜின் காத்து இழுக்கிற பக்கம் எங்கயாவது கசிவு இருக்கான்னு பாருங்க.

1915க்குப் போன் போட்டு நுகர்வோர் புகார் குடுக்கலாம்னு பில்லை எடுத்துட்டு வரச் சொன்னேன். ரெண்டு பில்லுலயும் ஜிஎஸ்டி நம்பரே இல்லை.