தம்பி எழுதிய இரண்டு கடிதங்கள்

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கம் கோயிலுக்குப் போக வேண்டும் என்றுதான் 2025 ஜூலையில் மட்டக்களப்புக்கு வந்தேன். மூன்று வார லீவில் தீர்த்தம் ஒரு காலைப்பொழுதோடு முடிந்தது. மிச்ச நாட்களில் பாதி, சித்தப்பாவின் மகனோடு அலுவலக வாங்குகளில் போனது.

தம்பி பதினான்கு வருடம் கட்டாரில் இருந்தவன். அங்கே சந்தித்த பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கலியாணம் முடித்தான். முதுகில் அடிபட்டு வேலை போனதும், மனைவியையும் ஆறு வயது மகனையும் கூட்டிக்கொண்டு வாவிக்கரையில் இருக்கும் சித்தி வீட்டுக்கே வந்துவிட்டான். கொண்டுவந்த காசு கூரைக்கும் மருந்துக்கும் சரி. அரசாங்கம் கொடுக்கும் அஸ்வெசும நிவாரணக் காசைக் கேட்டுப் பார்ப்போம் என்று சொன்னது நான். "வெளிநாட்டால வந்தவனுக்கு நிவாரணமா எண்டு ஊர் சிரிக்கும் அண்ணன்" என்று அவன் இரண்டு நாள் இழுத்தடித்தான்.

சமுர்த்தி என்ற பழைய நிவாரணக் காசுக்குப் பதிலாக 2023 இல் வந்தது அஸ்வெசும. 2025 இல் மிக வறிய குடும்பம் என்று கணித்தால் மாதம் 17,500 ரூபா, வறிய குடும்பத்துக்கு 10,000. ஆளைப் பார்த்துக் கொடுப்பதில்லை. குடும்பத்தைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். படிப்பு, நோய், வருமானம், சொத்து, வீடு, வீட்டில் எத்தனை பேர் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. எங்கள் சிக்கல் அங்கேதான் தொடங்கியது. சித்தி ஏற்கெனவே வாங்குகிறா. இவர்கள் மூவரும் அவவின் குடும்பத்தில் சேர்வதா, ஒரே கூரைக்குள் தனிக் குடும்பமா? "என்ட காசையும் வெட்டிப் போடுவாங்களோ மனே" என்று சித்தி கேட்டபடியே இருந்தா. அடுப்பு வேறா என்று ஜி.எஸ். (கிராம சேவகர்) கேட்டார். ஒரே அடுப்புத்தான். எங்கள் ஆட்களில் எந்த மருமகள் வந்ததும் தனி அடுப்பு மூட்டினாள்?

பிள்ளை விஷயத்தில் தம்பி கெட்டிக்காரன். பிறந்த கையோடு தோஹாவில் எங்கள் தூதரகத்தில் பதிந்து குடியுரிமைப் பத்திரமும் எடுத்து வைத்திருந்தான். ஒரு வருடத்துக்குள் பதிவதுதான் முறை, பிந்தினால் தண்டப்பணம். வெளிநாட்டில் பிள்ளை பெறுகிறவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

பிரதேச செயலகத்தில், மனைவியின் பெயர் வந்ததும் அஸ்வெசும உத்தியோகத்தரின் பேனை நின்றது. அடையாள அட்டை இலக்கம் எழுதும் இடத்தில் என்ன எழுதுவது? அவவிடம் இருப்பது கடவுச்சீட்டும், இலங்கையரின் வாழ்க்கைத்துணை என்ற வகையில் கிடைத்த வதிவிட விசாவும். உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, "மறுகா வாங்க" என்றார். இப்படியே மூன்று தரம். மூன்றாந்தரம் அதே போட்டோ கொப்பிகளைத் திரும்பவும் கேட்டபோது எனக்கு வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. தம்பி காலை மிதித்தான்.

என் பயம் இன்னொன்று. அந்த விசாவுக்காகப் பத்தரமுல்லையில் இருக்கும் குடிவரவுத் திணைக்களத்துக்கு அனுப்பிய கடிதத்தில், மனைவியைப் பராமரிக்கத் தன்னால் முடியும் என்று தம்பி கையெழுத்து வைத்திருக்கிறான். அதே கையால் இப்போது, வருமானம் இல்லை, உதவி வேண்டும் என்று எழுதுகிறான். நான் இருக்கும் சுவிஸில் சமூக உதவிக் காசில் தங்கியிருந்தால் வதிவிட அனுமதிக்கே ஆபத்து வரலாம். பிள்ளைப் பால்மாவுக்குக் காசில்லாதபோதும் அந்தக் கந்தோர்ப் படி ஏறாதவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பயத்தையும் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் போல. இரண்டு கடிதத்தையும் யாராவது பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன செய்வது என்று குரலைத் தாழ்த்தி உத்தியோகத்தரைக் கேட்டேன். அவர் சிரித்தார். "அது குடிவரவு, இது நலன்புரிச் சபை. நீங்க கேக்கிறது தம்பிக்கும் பிள்ளைக்கும். அவர் இந்த நாட்டு ஆள்தானே?" எனக்கு முழு நிம்மதி வரவில்லை, ஆனால் அன்றிரவு நித்திரை வந்தது.

பிறகுதான் சொன்னார், புது விண்ணப்பம் இப்போது எடுப்பதில்லை, அடுத்த முறை அறிவிக்கும்போது போட வேண்டும் என்று. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். சரி, பத்திரங்களாவது ஒழுங்காகிவிட்டன. வாக்காளர் இடாப்பில் தம்பியின் பெயரைத் திரும்பச் சேர்க்க ஜி.எஸ். எழுதி எடுத்தார். அதே கட்டடத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருந்தா. பணியகத்தில் பதிந்துவிட்டுத்தான் போனாயா என்று தம்பியைக் கேட்டா. முதல் தரம் பதிந்தேன், பிறகு இல்லை என்றான். அவ பெருமூச்சு விட்டா.

வெளியே வரும்போது வாசலில் நின்ற ஒரு அம்மா, தம்பியின் மனைவியை, எங்கள் மச்சாளைப் பார்த்து எந்த இடத்து ஆள் என்று கேட்டா. மச்சாள் சிரித்துக்கொண்டு, "இஞ்சதான் கா" என்றா.