எந்தக் குழாய் நுரையீரலைக் காக்கும்?

வென்டிலேட்டரில் இருப்பவருக்கு நிமோனியா வர வழிவிடுவது பெரும்பாலும் அவரை மூச்சுவிட வைக்கும் குழாய்தான். தொண்டையில் குழாய் இருந்தால் சரியாக இருமவோ விழுங்கவோ முடியாது. எச்சிலும் சளியும் கிருமிகளோடு இறங்கி, குழாயின் நுனிக்குச் சற்று மேலே இருக்கும் ‘கஃப்’ என்ற சின்ன பலூனின் மேல் தேங்கும். அது கசிந்து நுரையீரலுக்குள் போகாமல் பார்க்க வேண்டும்.

சாதாரண பிவிசி கஃப் நம் உடலின் மூச்சுக்குழாயைவிடப் பெரிது. அதனால் ஊதினாலும் முழுதாக விரியாமல் நெடுக மடிப்பு விழுகிறது, அந்த மடிப்பு வழியாகத்தான் கசிவு. சரி, இன்னும் ஊதினால்? 30 செ.மீ. நீர் அழுத்தத்தைத் தாண்டினால் மூச்சுக்குழாய்ச் சுவருக்கு ரத்தம் போவது குறையும், புண்ணாகும். 20-க்குக் கீழே இறங்கினால் கசிவு கூடும். கஃபோடு இணைந்து வெளியே தொங்கும் குட்டி பலூனை விரலால் அமுக்கிப் பார்த்து இதைக் கணிக்க முடியாது, அழுத்தமானி வேண்டும்.

பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த கஃப் மிக மெல்லியது, மடிப்புகளும் நுண்ணியவை. கூம்பு வடிவக் கஃப் ஏதாவது ஓரிடத்தில் கச்சிதமாகப் பொருந்தும். ஆய்வகத்தில் இரண்டும் அசத்துகின்றன, ஆனால் நோயாளிகளிடம் அந்த அளவு பலன் உறுதியாகவில்லை. இவற்றுக்காகக் கூடுதல் செலவு செய்யச் சொல்ல மாட்டேன்.

வெள்ளி பூசிய குழாய் கிருமிப்படலம் ஒட்டுவதைத் தடுக்கும். 2008-இல் வெளியான பெரிய ஆய்வில், 24 மணி நேரமாவது குழாயோடு இருந்தவர்களில் நிமோனியா 7.5 சதவீதத்திலிருந்து 4.8 ஆகக் குறைந்தது. இறப்பு குறையவில்லை.

என் ஓட்டு உறிஞ்சு துளை உள்ள குழாய்க்குத்தான். கஃபுக்குச் சற்று மேலே, முதுகுப் பக்கம் ஒரு துளை. குழாயின் சுவருக்குள் ஓடும் தனிப் பாதை வழியாகத் தேங்கியதை அப்படியே வெளியே இழுத்துவிடலாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் நிமோனியா கணிசமாகக் குறைந்திருக்கிறது. இறப்பு குறைந்ததா என்பதில் மட்டும் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. குறைகளும் உண்டு: குழாய் கொஞ்சம் தடிமன், கெட்டிச் சளி துளையை அடைக்கும், விடாமல் உறிஞ்சினால் மூச்சுக்குழாய்ச் சுவரே துளைக்குள் இழுபட்டுக் காயமாகலாம். அதனால் அடைப்பு இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும்.

சில மணி நேர அறுவை சிகிச்சைக்குச் சாதாரணக் குழாயே போதும். இரண்டு மூன்று நாளைத் தாண்டும் என்று தோன்றினால் முதல் தடவையே உறிஞ்சு துளைக் குழாயைப் போட்டுவிடுவது நல்லது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், மாற்றும் அந்த நேரத்திலேயே தேங்கியதெல்லாம் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம்.