கேஸ் அடுப்பு செக்கிங் என்று வருபவரை உள்ளே விடுமுன் இதைப் படியுங்கள்

போன ஐப்பசி மழையில், கழுத்தில் பச்சை நாடா போட்ட அட்டையோடு ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஏஜென்சில இருந்து வர்றேம்மா, கட்டாய செக்கிங்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். நான் வேலைக்குப் போயிருந்தேன். அடுப்பைப் பிரித்து, ரப்பர் ட்யூபை மாற்றி, "தீ சின்னதா எரியுது, பெருசாக்கித் தர்றேன்" என்று ஏதோ செய்துவிட்டு 1,850 ரூபாய் வாங்கிப் போய்விட்டார். துண்டுத் தாளில் ஒரு ரசீது.

தீ பெரிதானது உண்மை. ஆனால் நீலமாக இல்லை. பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி, நுனியில் மஞ்சளாக ஆடியது. இரண்டே நாளில் பால் சட்டியின் அடி கன்னங்கரேல் என்றாகிவிட்டது. தொட்டால் கண்மை மாதிரி விரலில் ஒட்டும். சாரலுக்காக ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைத்த அம்மாவுக்குத் தினமும் தலைவலி, குமட்டல். வாசலில் வந்து உட்கார்ந்தால் தெளிந்துவிடும். பித்தம் என்று சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தார். மூன்று வாரம் நானும் அதை நம்பினேன். நினைத்தால் இன்னும் மனசு பதறுகிறது.

45 நாள் வரும் சிலிண்டர் பத்து நாள் முன்னதாகவே தீர்ந்தபோதுதான் தெரிந்த மெக்கானிக்கை அழைத்தேன். அவர் பர்னருக்கு கேஸ் விடும் சின்ன முனையான ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஊசி முனை அளவு இருக்க வேண்டிய துளையைக் குடைந்து கோணலாக்கி வைத்திருந்தார்கள். சமையல் கேஸ் முழுதாக எரிய அதைப்போல் 25, 30 மடங்கு காற்று வேண்டும். துளையைப் பெரிதாக்கினால் கேஸ் கூடுமே தவிர, காற்று அதற்கு ஈடாக அதிகரிக்காது. எரியாத கார்பன் கரியாகப் படியும், அரைகுறையாக எரிந்தது கார்பன் மோனாக்சைடாக வரும். சிலிண்டர் கசிந்தால் நாறுவது அதில் சேர்க்கும் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளால். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக்கோ நாற்றமே கிடையாது. ரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காற்றோட்டமில்லாத அறையில் உயிரையே எடுத்துவிடும்.

உப்புத் தண்ணீர் பொங்கி வழிந்தாலும் கொஞ்ச நேரம் மஞ்சளாக எரியும், அது வேறு. துடைத்த பிறகும் மஞ்சள் போகவில்லை, பாத்திரத்தில் கரி பிடிக்கிறது என்றால் உடனே அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். மெக்கானிக் பார்க்கும்வரை பற்றவைக்க வேண்டாம். செக்கிங் என்று யார் வந்தாலும் வாசலில் நிற்கவைத்து, கேஸ் புத்தகத்தில் உள்ள ஏஜென்சி எண்ணில் கேளுங்கள். அவர் தரும் எண்ணில் கேட்காதீர்கள். கசிவு என்றால் 1906.

புது ஜெட் போட்டு பர்னரைச் சுத்தம் செய்ய ஆன செலவு 350 ரூபாய். நான்கு நாளில் அம்மாவின் தலைவலி நின்றது. அந்த ரசீதில் இருந்த எண் அன்றிலிருந்து ஸ்விட்ச் ஆஃப். போன வாரம் அடுத்த தெருவில் ஒரு பாட்டி வீட்டிலும் செக்கிங் நடந்திருக்கிறது. அதே பச்சை நாடா.